அவசரமில்லாத கொலை: கிராமத்து மர்ம நாவலை ஊன்றிப் படிப்பது எப்படி

நாற்பது பக்கம் தாண்டியாகிவிட்டது, இன்னும் பிணமே விழவில்லை. யாரோ ஒருவருடைய வேலி ஓரடி தள்ளிப் போடப்பட்டிருக்கிறது. ஊர்க்கோடி வீட்டுக்குப் புதிதாக ஒருவர் குடிவந்திருக்கிறார். டாக்டருக்கும் பாதிரியாருக்கும் ஏனோ பேச்சுவார்த்தை இல்லை. கிராமத்தில் நடக்கும் மர்ம நாவலைக் கையில் எடுத்த பலர் மூடிவைப்பது இந்த இடத்தில்தான். ‘ஒன்றுமே நடக்கவில்லையே’ என்பது புகார். வேலி நகர்ந்ததிலும் ஆள் குடிவந்ததிலும் பேச்சு நின்றதிலும் கொலை பாதி நடந்து முடிந்துவிட்டது. பின்னால் வருகிற கத்தியோ விஷமோ மிச்ச வேலையைத்தான் செய்கிறது.

இந்த வகை நாவலில் ஆசிரியர் துப்புகளை ஒளித்துவைப்பது சாவகாசமான பக்கங்களில்தான். அவற்றைத் தாவிப் போகிறவருக்கு ஊர் மனதில் நிற்காது; முடிவும் வானத்திலிருந்து குதித்தது போலத் தோன்றும். ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வரும். பெரும்பாலும் அவர் ஏமாற்றியிருக்க மாட்டார், 52-ஆம் பக்கத்திலேயே சொல்லியிருப்பார்.

புத்தகம் எடுக்கும்போது

முதல் தடவை இந்தப் பக்கம் வருகிறவர்கள் 200 முதல் 300 பக்கத்துக்குள் இருப்பதாகப் பார்த்து எடுப்பது நல்லது. ஒரே ஊர் அல்லது ஒரே வீடு, பெயருள்ள பாத்திரங்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இல்லாமல். முன்பக்கத்தில் ஊர் வரைபடமோ வீட்டின் தள வரைபடமோ அச்சாகியிருந்தால் இன்னும் நல்லது. வரைபடம் போட்ட ஆசிரியர் தூரத்தையும் நேரத்தையும் வைத்து விளையாடப்போகிறார் என்பதற்கு அதுவே முன்னறிவிப்பு.

பின்னட்டையை முதல் இரண்டு வரிக்கு மேல் படிக்க வேண்டாம். நூறாவது பக்கத்தில் விழும் இரண்டாவது பிணத்தைப் பின்னட்டையிலேயே போட்டு உடைக்கும் பதிப்புகள் உண்டு. பழைய நாவல்களின் மறுபதிப்புகளில் வரும் அறிஞர் முன்னுரை இன்னும் ஆபத்தானது. வாசகர் ஏற்கெனவே படித்தவர் என்று வைத்துக்கொண்டு குற்றவாளியின் பெயரைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். முன்னுரையைப் பின்னுரையாகப் படித்துக்கொள்ளலாம். ஒரே துப்பறிவாளர் வரும் வரிசை நாவல் என்றால் வெளிவந்த வரிசையில் போவது பாதுகாப்பு. ஐந்தாவது கதையில் யாராவது பேச்சுவாக்கில் இரண்டாவது கதையின் முடிவைச் சொல்லிவைப்பார்கள்.

எடுத்த புத்தகம் எந்த ரகம் என்று முதல் மூன்று அத்தியாயத்துக்குள் தீர்மானித்துவிட வேண்டும், ஏனென்றால் படிக்கும் விதமே மாறுகிறது. ஒன்று புதிர் ரகம். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் செழித்தது; யார், எப்படி, எப்போது என்பதுதான் ஆட்டம். இன்னொன்று மனித ரகம். யார் செய்தார் என்பது பாதியிலேயே தெரிந்துவிடலாம், ஏன் செய்தார், ஊர் அதை எப்படி விழுங்கியது என்பதுதான் கதை. முதல் ரகத்துக்குப் பென்சில் வேண்டும். இரண்டாவதற்குப் பென்சில் எடுத்தால் புத்தகம் கெட்டுப்போகும். அங்கே பேச்சின் தொனியைக் கேட்டுக்கொண்டு போனால் போதும். இனி வருவதில் பெரும்பகுதி புதிர் ரகத்துக்கானது.

புதிர் ரகத்தில் வாசகருக்குச் சில உரிமைகள் உண்டு. 1928-இல் அமெரிக்க எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் எழுதினார். 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் பத்துக் கட்டளைகள் எழுதினார். அவர் நாவலாசிரியர் மட்டுமல்ல, கத்தோலிக்கப் பாதிரியாரும்கூட, ஆகவே கட்டளைகள் பத்தாக அமைந்ததில் வியப்பில்லை. அவருடைய முதல் கட்டளை நமக்கு மிகவும் உபயோகமானது: குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். அதாவது முதல் அறுபது எழுபது பக்கங்களில் நீங்கள் சந்திக்கும் ஆட்களே கிட்டத்தட்ட முழுச் சந்தேகப் பட்டியல். ரகசிய வழி ஒன்றுக்கு மேல் கூடாது, பேய் பிசாசு கூடாது, துப்பறிகிறவர் கண்டெடுத்த துப்பை வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பவையும் அந்தப் பட்டியலில் உண்டு. எல்லாரும் எல்லா விதியையும் காப்பாற்றினார்கள் என்றில்லை. விதியை மீறியே புகழ்பெற்ற நாவல்கள் இருக்கின்றன; அவை எவை என்று விசாரித்துக்கொண்டு போனால் அந்தப் புத்தகங்களின் சுவாரஸ்யம் போயே போய்விடும்.

ஒரு தாள், ஒரு பென்சில்

நோட்டுப் புத்தகம் தேவையில்லை. பெரிய நோட்டு வைத்துக்கொண்டவர்கள் மூன்றாவது நாளே எழுதுவதை விட்டுவிடுகிறார்கள். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் போதும், பக்க அடையாளமாகவும் பயன்படும். ஒரு பக்கத்தில் ஊர். மறுபக்கத்தில் ஆட்களும் நேரமும்.

ஆட்களுக்குத் தலைக்கு ஒரு வரி: பெயர், எந்த வீடு, இவருக்கு என்ன வேண்டும். நிலமா, பணமா, திருமணமா, ஒரு விஷயம் வெளியே வராமல் இருப்பதா? ‘சந்தேகம்’ என்று ஒரு பத்தி போட வேண்டாம். அப்படிப் போட்டால் அதற்குப் பிறகு வருவதையெல்லாம் அந்தச் சந்தேகத்துக்குத் தோதாகவே படிப்போம்.

அந்தத் தாளில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை வேறு. ஒவ்வொரு தகவலுக்குப் பக்கத்திலும் ‘பா’ அல்லது ‘சொ’ என்று ஓர் எழுத்து போடுங்கள். கதைசொல்லி நம் கண்முன் காட்டியது ‘பா’, அதாவது பார்த்தது. ஒரு பாத்திரம் வாயால் சொல்லித் தெரிந்தது ‘சொ’. “பத்து மணிக்கு மாமா உயிரோடு இருந்தார், கதவுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது” என்று மருமகன் சொன்னால் அது ‘சொ’. நாம் மாமாவையும் பார்க்கவில்லை, குரலையும் கேட்கவில்லை. கிராமத்தில் முக்கால்வாசித் தகவல் வாய்வழியாகத்தான் நகர்கிறது. இன்னார் சொன்னதை இன்னார் கேட்டு மூன்றாவது ஆள் துப்பறிவாளரிடம் சொல்வார். நூறு பக்கம் போனதும் நம் மூளை இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து எல்லாவற்றையும் நிஜமாக்கிவிடும். ஆசிரியர் நம்பியிருப்பதும் அந்தக் கலப்பைத்தான். புதிர் சிக்கிக்கொண்டால் ‘சொ’ போட்ட வரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றாகப் பொய் என்று வைத்துப் பாருங்கள். எந்த ஒரு பொய் எடுத்தவுடன் மற்ற எல்லாம் சரியாக உட்காருகிறதோ, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஊரை வரைவது

அழகாக வரைய வேண்டியதில்லை. தேவாலயம் ஒரு புள்ளி, பெரிய வீடு ஒரு புள்ளி, தபால் அலுவலகம், ரயில் நிறுத்தம், ஆறு. புள்ளிகளை இணைக்கும் கோட்டின் மேல் நிமிடத்தை எழுதுங்கள், தூரத்தை அல்ல. ஒரு மைல் என்றால் 1.6 கிலோமீட்டர், சாதாரண நடையில் சுமார் இருபது நிமிடம். இருட்டில் சேற்று வரப்பில் போனால் அரைமணிகூட ஆகும். மிதிவண்டியில் அதே தூரம் ஏழெட்டு நிமிடம். பழைய நாவல்களில் வரும் ஃபர்லாங் சுமார் 200 மீட்டர். கெஜம் என்றால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

இப்படி நிமிடக் கணக்கில் எழுதிவைத்தால் ஒரு விஷயம் சட்டென்று தெரியும். சாலை வழியாகப் போனால் நாற்பது நிமிடம் ஆகிற இடத்துக்கு வயல் குறுக்கே போனால் பன்னிரண்டு நிமிடம் ஆகலாம். ‘அந்த நேரத்தில் அவர் அங்கே இருந்திருக்கவே முடியாது’ என்ற வாதம் கிராமத்து நாவலில் உடைவது பெரும்பாலும் குறுக்குப் பாதையில்தான். முதல் அத்தியாயத்தில் யாராவது நாயைக் கூட்டிக்கொண்டு உலாவப் போனால், போன வழியைக் கோடாகப் போட்டுவிடுங்கள். அந்த நடை சும்மா வந்திருக்காது.

மணியும் வெளிச்சமும்

நிலநடுக்கோட்டுக்கு அருகில் வளர்ந்த வாசகர்கள் வழுக்கி விழும் இடம் இது. நமக்கு மாலை ஆறரை ஏழு என்றால் இருட்டு, வருடம் முழுக்க. இங்கிலாந்துக் கிராமத்தில் அப்படியில்லை. ஜூன் மாதத்தில் லண்டன் பக்கம் சூரியன் மறைய இரவு ஒன்பது இருபது ஆகிறது. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறது. 1916 முதல் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும் வழக்கமும் வந்தது. ஆகவே, ‘எட்டரை மணிக்குத் தோட்டத்தில் அவர் முகத்தைத் தெளிவாகப் பார்த்தேன்’ என்று சாட்சி சொன்னால் உடனே மாதத்தைப் பாருங்கள். ஜூன் என்றால் நம்பலாம், அக்டோபர் என்றால் சாட்சிக்கு விளக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும்.

நிலாவும் அப்படியே. பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எழும். அதற்குப் பிறகு நாளுக்குச் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாகும். ஒரு வாரம் கழித்து நள்ளிரவு வாக்கில்தான் தலைகாட்டும். செவ்வாய்க்கிழமை விருந்தில் முழுநிலா என்று வர்ணித்திருந்தால், அடுத்த திங்கள் இரவு ஒன்பது மணிக்கு நிலவொளியில் ஓர் உருவத்தைக் கண்டதாகச் சொல்கிறவர் பொய் சொல்கிறார், அல்லது ஆசிரியர் அசந்துவிட்டார். இரண்டில் எது என்று தெரியவே அந்த ஆசிரியரின் இரண்டு மூன்று புத்தகம் படித்திருக்க வேண்டும்.

தேவாலய மணி, பால் கறக்கும் நேரம், தபால்காரர் வருகை, கடைசிப் பேருந்து ஆகியவையெல்லாம் கிராமத்துக் கடிகாரங்கள். தாளில் கொலை நடந்த நாளுக்கு மட்டும் ஒரு நேரக்கோடு போட்டு, இந்த நான்கையும் முதலில் குறித்துவிட்டுப் பிறகு ஆட்களை நிரப்புங்கள். மணி தவறி அடித்தது, பால் தாமதமாக வந்தது என்று ஒரு வரி வந்தால் அடிக்கோடு போடத் தகுந்தது.

டாக்டர் சொல்லும் மரண நேரத்தை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். உடல் விறைப்பு பொதுவாக இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் தாடை, கழுத்துப் பக்கம் தெரிய ஆரம்பித்து, சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் உடம்பு முழுக்கப் பரவி, ஒன்றிரண்டு நாளில் தளர்ந்துவிடும். குளிரில் எல்லாமே மெதுவாகும், சூட்டில் வேகமாகும். ஆகவே ‘பத்துக்கும் பத்தரைக்கும் இடையில்’ என்று அடித்துச் சொல்லும் டாக்டர் கதையில்தான் இருக்க முடியும். பிணம் கிடந்த அறையில் கணப்பு எரிந்தது, ஜன்னல் விரியத் திறந்திருந்தது என்று வந்தால், நேரத்தோடு யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

எத்தனை பக்கம், எந்த நேரத்தில்

ஒரு வேளைக்கு 25 முதல் 30 பக்கம். நாற்பது ஐம்பது நிமிடம் ஆகும். 280 பக்க நாவல் பத்து நாளில் முடியும். ஒரே இரவில் முடித்தால் ஊர் மனதில் ஊறாது. வாரக் கணக்கில் இழுத்தால் துப்பு மறந்துபோகும். 40-ஆம் பக்கத்தில் வந்த கையுறைக்கு ஜோடி 170-ஆம் பக்கத்தில் வரும், இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் ஜோடி சேராது. மூன்று நாளுக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால் தாளை ஒரு தடவை பார்த்து, கடைசியாகப் படித்த அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டுத் தொடருங்கள்.

தூக்கம் சொக்கும்போது இந்தப் புத்தகம் வேண்டாம். பரபரப்பு நாவல் தூக்கத்தை விரட்டும். இது தாலாட்டும். அந்த நேரத்தில் கண் தாவிப்போகும் வரி எதுவோ அதில்தான் ஆசிரியர் கைவரிசை காட்டியிருப்பார்.

வர்ணனையைச் சல்லடை போடுவது

வர்ணனைப் பத்திகளில் துப்பை மறைக்க ஆசிரியர்களிடம் சில பழகிய வித்தைகள் உண்டு. பொருள்களை வரிசையாகச் சொல்லி முக்கியமானதை நடுவில் செருகுவது ஒன்று; பட்டியலின் முதலும் கடைசியும்தான் நினைவில் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். துப்பைச் சொன்ன மறுவரியில் கோப்பை விழுந்து உடையும், விருந்தாளி வருவார், நம் கவனம் அங்கே ஓடிவிடும். ஊரில் யாரும் மதிக்காத ஆளின் வாயில் உண்மையை வைப்பதும் உண்டு: குழந்தை, குடிகாரர், வாய் ஓயாத கிழவி. எல்லாவற்றையும்விட நேர்த்தியானது, துப்பைப் பளிச்சென்று காட்டிவிட்டு அதற்குத் தப்பான அர்த்தத்தையும் கூடவே கொடுத்துவிடுவது.

பயிற்சிக்காக எழுதிய ஒரு பத்தி இது. ஒரு தடவை உங்கள் வழக்கமான வேகத்தில் படியுங்கள்.

‘இரவெல்லாம் பெய்த மழை விடியலில்தான் விட்டிருந்தது. களஞ்சியக் கூரையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. முற்றத்தின் மண் முழுவதும் அம்மைத் தழும்பு போலத் துளித்துளியாய்க் குழி விழுந்து கிடந்தது. வாசலிலும், வைக்கோல் போரின் ஓரத்திலும், வண்டிக்கு அடியிலும், கிணற்றடியிலும். கிழட்டு நாய் படியில் படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குரைக்காமல் மறுபடி படுத்துக்கொண்டது. கதவைத் திறந்த பெரியவரின் கையில் பழைய காயம் ஒன்று தெரிந்தது. “நேற்று சாயங்காலம் ஓட்டிவந்து நிறுத்தியதுதான். அதற்கப்புறம் யாரும் எங்கேயும் போகவில்லை” என்றார்.’

பெரும்பாலோர் நாயிடம் நிற்பார்கள். 1892-இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதை ஒன்றில் இரவில் குரைக்காத நாய் முக்கியத் துப்பானதிலிருந்து, குரைக்காத நாயைக் கண்டால் வாசகர்களுக்குக் காது விடைத்துக்கொள்கிறது. அது தெரிந்துதான் பின்னால் வந்த ஆசிரியர்கள் நாயைத் தூண்டிலாகப் போடுகிறார்கள். இந்த நாய் கிழடு, அவ்வளவுதான். காயமும் தூண்டில், ‘பழைய’ என்று சொல்லியாகிவிட்டது. விஷயம் நான்கு பொருள் பட்டியலின் மூன்றாவதில் இருக்கிறது. மழை பெய்தபோது வண்டி அங்கே நின்றிருந்தால் அதன் அடியில் நேராகத் துளி விழுந்திருக்காது. தண்ணீர் ஓடி வந்து நனைந்திருக்கலாம், குழி விழுந்திருக்காது. ஆக, மழை விட்ட பிறகுதான் வண்டி அங்கே வந்து நின்றிருக்கிறது. பெரியவர் சொன்னது ‘சொ’. மண் காட்டியது ‘பா’.

எல்லா வர்ணனையையும் இப்படிக் கிழித்துப் பார்க்கத் தேவையில்லை, பார்த்தால் பைத்தியம் பிடிக்கும். மூன்று கேள்வி போதும்: இடம் மாறி எது இருக்கிறது, இருக்க வேண்டியது எது இல்லை, வழக்கம் எங்கே ஒரு தடவை மட்டும் தப்பியது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பத்தி மூடுபனிக்காகவும் ஆப்பிள் மரங்களுக்காகவும் எழுதப்பட்டது. அதை அப்படியே ரசித்துவிட்டுப் போகலாம்.

‘இல்லாதது எது’ என்ற கேள்விக்கு நல்ல பயிற்சிக்களம் ஒன்று உண்டு. ஆங்கிலேய எழுத்தாளர் டோரதி எல். சேயர்ஸ் 1931-இல் எழுதிய ‘தி ஃபைவ் ரெட் ஹெர்ரிங்ஸ்’. ஸ்காட்லாந்தின் காலோவே பகுதியில், ஓவியர்களும் தூண்டில்காரர்களும் நிறைந்த ஊரில் நடக்கிறது. இறந்த ஓவியரின் உடைமைகளைப் பார்த்ததும் துப்பறிவாளர் ஒரு பொருள் காணவில்லை என்று கண்டுபிடித்துப் போலீஸிடம் சொல்கிறார். என்ன பொருள் என்று வாசகரிடம் சொல்லாமல், புத்திசாலி வாசகரே ஊகித்துக்கொள்வார் என்று ஆசிரியர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி, உடைமைப் பட்டியலை எழுதி, ஓர் ஓவியருக்கு வேறென்ன வேண்டும் என்று பத்து நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஆனால் நாவலின் நடுப்பகுதி ரயில் நேர அட்டவணைகளாலேயே ஆனது. அதை வரிக்கு வரி சரிபார்ப்பேன் என்று உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் திரும்பி எழுந்ததில்லை. அங்கே மட்டும் தாவலாம், பாவமில்லை.

தெரிந்துவைத்தால் கைகொடுப்பவை

இங்கிலாந்துக் கிராமத்துக் கொலையில் உயில் இல்லாமல் இருப்பது அபூர்வம். அந்நாட்டின் 1837-ஆம் ஆண்டு உயில் சட்டத்தில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அந்த உயிலில் எழுதிய சொத்து கிடைக்காது. உயில் எழுதியவர் பின்னால் திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் செல்லாது. ஆகவே தோட்டக்காரரையும் சமையல்காரரையும் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள் என்று வந்தால், அந்த இருவருக்கும் சல்லிக்காசு இல்லை என்று புரிந்துகொள்ளலாம். அறுபது வயதுப் பணக்காரத் தனிக்கட்டை திருமணம் என்று வாயெடுத்தால், யார் யாருடைய பங்கு காற்றில் போகிறது என்று உடனே தாளைப் பாருங்கள்.

விஷம் என்றால் பழைய நாவல்களில் ஆர்சனிக். களைக்கொல்லியிலும் ஈ கொல்லும் தாளிலும் இருந்தது, வயிற்றுக்கோளாறு போல ஆளைக் கொல்லும். 1836-இல் வந்த மார்ஷ் சோதனைக்குப் பிறகு பிணத்தில் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. 1851 முதல் பிரிட்டனில் அதை விற்கும் கடைக்காரர் வாங்குகிறவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. பதிவேட்டில் இருக்கும் பெயரை அப்படியே நம்பும் போலீஸ்காரர் கதையில் தப்பாமல் வருவார்.

மொழிபெயர்ப்பில் படித்தால்

தமிழில் வினைமுற்றே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் எவெலின், ஹிலரி, லெஸ்லி என்ற பெயர்கள் இருபாலாருக்கும் உண்டு. கடிதத்தில் வெறும் பெயரை மட்டும் வைத்து, அது ஆண் என்று நம்மை நம்பவைத்துக் கடைசியில் கவிழ்க்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தமிழில் அதற்கு ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டும் உதவாது. நல்ல மொழிபெயர்ப்பாளர் ‘வந்தார்’ என்று போட்டு ஒளிந்துகொள்வார். எல்லாரையும் ‘அவன்’, ‘அவள்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பில் ஒரே ஒருவருக்கு மட்டும் காரணமில்லாமல் ‘அவர்’ வந்தால் கவனியுங்கள். துப்பு மொழிபெயர்ப்பாளரிடமிருந்தே கிடைத்துவிட்டது. ‘கசின்’ என்ற சொல்லும் அப்படித்தான். அத்தை மகனா, சித்தி மகளா என்று ஆங்கிலம் சொல்லாது. தமிழில் ஏதாவதொரு உறவு போட்டாக வேண்டியிருப்பதால் மொழிபெயர்ப்பாளர் சில சமயம் தோராயமாகப் போட்டிருப்பார். உறவுமுறையை வைத்துச் சொத்துக் கணக்குப் போடும் முன் கொஞ்சம் யோசிக்கவும்.

மின்நூலில் சதவீதக் கோட்டை மறைத்துவையுங்கள். கைது நடக்கும்போது திரையில் 61 என்று தெரிந்தால், கைதானவர் நிரபராதி என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். பெயரைத் தேடும் வசதியும் ஆபத்து, இனி வரப்போகும் பக்கங்களின் வரிகளையும் சேர்த்துக் காட்டும். ஒலிநூல் மனித ரகத்துக்கு அருமை. புதிர் ரகத்துக்குச் சுமார்தான், பின்னால் புரட்டிப் பார்க்க முடியாது. கேட்டே ஆக வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்டாதீர்கள்.

மெதுவா, தொளதொளப்பா

எல்லா மெதுவான புத்தகமும் நல்ல புத்தகமில்லை. அறுபதாவது பக்கத்தில் ஒரு சோதனை வைக்கலாம். கடைசியாகப் படித்த மூன்று அத்தியாயங்களுக்கு, ‘இதற்கு முன் தெரியாதது இப்போது என்ன தெரிந்தது’ என்று ஒவ்வொரு வரி எழுதுங்கள். ஒருவருடைய கடன், ஒருவருடைய பயம், இரண்டு பேருக்கு இடையிலான பழைய தகராறு, எதுவானாலும் சரி. மூன்றில் இரண்டு காலியாக இருந்தால் அது மெதுவல்ல, தொளதொளப்பு. குற்றவுணர்ச்சியில்லாமல் மூடிவைத்துவிடலாம்.

தீர்ப்பு எழுதும் இடங்கள்

கால் பங்கில், பாதியில், முக்கால் பங்கில் என்று மூன்று தடவை நிறுத்தி, யார், எப்படி, எதற்காக என்று மூன்று வரி எழுதுங்கள். பழையதை அழிக்கக் கூடாது. முதல் தீர்ப்பு பெரும்பாலும் முகம் பிடிக்காத ஆளின் மேல் விழும், இரண்டாவது, யாரும் சந்தேகிக்காத சாதுவின் மேல். மூன்றாவதுதான் தாளைப் பார்த்து எழுதியதாக இருக்கும்.

கடைசி நிறுத்தம் முக்கியம். துப்பறிவாளர் ‘எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்’ என்று நெற்றியில் அடித்துக்கொள்வார், அல்லது எல்லாரையும் ஒரே அறைக்கு வரச் சொல்வார். அங்கே மூடி ஓர் இரவு விடுங்கள். எல்லரி க்வீன் என்ற பெயரில் எழுதிய இருவர் 1929-இல் வந்த முதல் நாவலிலிருந்தே இதற்கென வாசகருக்கு ஒரு சவால் பக்கமே வைத்தார்கள். துப்பெல்லாம் கொடுத்தாகிவிட்டது, இனி உங்கள் பாடு என்று. மற்ற ஆசிரியர்கள் சொல்லாமல் விடுகிறார்கள், இடம் அதேதான். அந்த இரவில் ‘சொ’ வரிகளை மட்டும் ஒரு தடவை ஓட்டுங்கள். பதில் கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை. அடுத்த நாள் விளக்கக் காட்சியில் ஒவ்வொரு துப்பும் எடுத்துவைக்கப்படும்போது ‘அட, இது தாளில் இருக்கிறதே’ என்று வருகிற சின்ன வலி, பதில் தெரிந்தவருக்குக் கிடைக்காது.

முடித்த பிறகு மூன்று அத்தியாயங்களை மட்டும் திரும்பப் படியுங்கள், ஒரு மணி நேர வேலை: முதல் அத்தியாயம், கொலைக்கு முந்தைய அத்தியாயம், குற்றவாளியை முதலில் விசாரிக்கும் இடம். நன்றாக எழுதப்பட்ட நாவலில் குற்றவாளி பேசும் வாக்கியங்கள் இரண்டாவது தடவை வேறு மாதிரிக் கேட்கும். பொய்யே சொல்லாமல் ஏமாற்றியிருப்பார். உதாரணமாக, “அவர் சாவார் என்று நான் நினைத்ததே இல்லை” என்பதற்குப் பதில் “இவ்வளவு சீக்கிரம் போவார் என்று நினைக்கவில்லை” என்றிருப்பார்.

பென்சில் தாளைப் புத்தகத்துக்குள்ளேயே விட்டுவிட வேண்டாம். நூலகத்துப் புத்தகமோ, அடுத்து யாராவது இரவல் வாங்கப்போகும் புத்தகமோ என்றால், மூன்றாவது தீர்ப்பு சரியாக அமைந்துவிட்ட தாளைவிடப் பெரிய துரோகம் கிடையாது. ஓரத்தில் போட்ட அடிக்கோடுகளையும் அழித்துவிடுங்கள். தப்பான இடத்தில் போட்டவற்றை வேண்டுமானால் விட்டுவைக்கலாம்.